பால் பூசிய புத்தகங்கள்

போன வாரம் சுங்கைப் பட்டாணிக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் ஒட்டுப்பால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஒட்டுப்பால் என்றால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே உறைந்துபோன ரப்பர் பால். அதைச் சாக்குச் சாக்காக ஏற்றிக்கொண்டு போவார்கள், லாரியின் பின்பக்கம் கறுப்புத் தண்ணீர் சொட்டும். எலி செத்த நாற்றம் என்பார்கள், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே வையுங்கள். கார் ஓட்டிய மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மா, பூசுக் லா, நாறுது, கண்ணாடிய ஏத்துங்க" என்றாள். நான் ஏற்றவில்லை. ஊரே முகம் சுளிக்கும் அந்த நாற்றம்தான் எனக்குப் புத்தக வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கோலா கெத்தில் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். பத்துக் கதவு வைத்த லயத்தில், அதாவது தொடர்வீட்டு வரிசையில், ஏழாவது கதவு எங்களுடையது. அக்கா ராசம்மா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்த மறுநாளே அம்மா அவள் கையில் பால் வாளியையும் உளியையும் கொடுத்துவிட்டாள். படிப்புதான் நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. உப்பு மடித்து வந்த தாளைக்கூட உப்பைக் கொட்டிவிட்டு நீவி நீவிப் படிப்பாள். பாதி செய்தி கிழிந்த இடத்தோடு போயிருக்கும். மீதியை அவளாகவே முடித்து எனக்குச் சொல்வாள். பல காலம் நான் அவற்றை உண்மை என்று நம்பிப் பள்ளியில் சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டு வாரப் பத்திரிகை எங்கள் தோட்டத்தில் ஒரே வீட்டுக்குத்தான் வரும். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி வீட்டுக்கு. அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இதழ் கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து பட்டணத்துக்கு வந்து, எங்கள் கைக்கு எட்டும்போது பொங்கல் மலரைச் சித்திரையில் படித்துக்கொண்டிருப்போம். அக்கா முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு போய்க் கிராணியம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் பேசாமல் நிற்பாள். அந்த அம்மாவுக்குத் தெரியும். "பிள்ளை, வாசிச்சுப்போட்டு நீரே வச்சிரும். அடுப்புக்க மட்டும் போட்டுடாதையும்" என்று இதழைக் கொண்டுவந்து நீட்டுவார்.

அடுப்பிலா போடுவாள் அக்கா? அந்த நாளில் தோட்டங்களில் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இதழின் கம்பியைப் பிரித்து, கதை வந்த பக்கங்களை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். கதை முடிந்ததும் கோணி ஊசியும் சணல் நூலும் வைத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே போட்டு, முதுகில் ரப்பர் பாலைத் தடவி ஒட்டிவிடுவார்கள். வேறு பசை எங்களுக்குத் தெரியாது. காற்றாடிக்கும் பால், கிழிந்த செருப்புக்கும் பால், அப்பாவின் பீடிக்கட்டு பிரிந்தால் அதற்கும் பால். அக்காவின் புத்தகங்களில் தாளின் வாசனையே இருக்காது, பாலின் புளித்த வாடைதான். எனக்கு அந்த வாடை வந்தால்தான் கதை ஓடும்.

பதினேழு புத்தகங்கள் சேர்த்துவிட்டாள். கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் காயவைப்பாள். "நெல்லு காயப்போடறா பாரு மகாராணி" என்பாள் அம்மா. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பால் ஸ்டோரில் அக்கா படிக்கும்போது அம்மாவும் காதைக் கொடுப்பாள்.

அதைச் சொல்ல மறந்தேனே. காட்டில் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவி, பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், நிறுக்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் அக்கா ஸ்டோரில் கிடக்கும் காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கதையைப் படிப்பாள். கடைசியாக அவள் படித்த கதையில் ஒரு பெண். புருஷன் வீட்டில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் தகரப்பெட்டியில் துணிகளை அடுக்குகிறாள். போவாளா, இருப்பாளா? இதுதான் கதை. ஸ்டோர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"போயிடணும்டி. மனுசியா மதிக்காத வீட்ல என்னா வேல?"

"போயி எங்க ஒக்காருவா? பொறந்த வீட்ல மட்டும் தங்கத்தட்டுல சோறு போடுவாங்களா?"

அக்கா எந்தப் பக்கமும் பேசமாட்டாள். "எழுதறவரு சொல்லட்டும்" என்பாள்.

அவர் சொல்வதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம். பெண் பார்க்க வந்தபோது மாமியார்க்காரி கட்டிலுக்கடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள். "பொஸ்தகம் படிக்கிற மருமவ வந்தா அடுப்பு அவிஞ்சிரும். இதெல்லாம் இங்கயே கெடக்கட்டும்" என்றாள். அம்மாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். நானும்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இன்னும் ஆறு வாரத்துல கத முடியுதுன்னு போட்டிருக்கு. எப்படியாச்சும் வாங்கிச் சேத்துத் தச்சு வை. முடிவ மட்டும் எங்கிட்ட சொல்லிறாத, நானே படிக்கணும். தனி வீடு கெடச்சதும் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்." மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் கேட்ட சீர் இதுதான்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அதே மாதம் கிராணிக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல். வேறு வழியில்லாமல், கதை முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து இரண்டு மாதம் கழித்து சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாய் புத்தகக்கடை வைத்திருந்தார். கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருப்பார். ஊதுபத்தி, சாமி படம், கல்யாணப் பத்திரிகை, பள்ளி நோட்டு எல்லாம் அந்த ஒரு கதவுக் கடைக்குள் இருக்கும். நான் வாசலில் நின்று, தொங்கும் இதழ்களைக் கீழேயிருந்து அண்ணாந்து படித்தேன். பாய் சிரித்தார்.

"கழுத்து சுளுக்கிக்கும் தங்கச்சி. என்னா வேணும்?"

விஷயத்தைச் சொன்னேன். பழைய இதழ்களைக் கடைக்கு உள்ளே போய்த் தேடினார். ஐந்து கிடைத்தன. முடிவு வந்த ஆறாவது இல்லை. பொட்டலம் மடிக்கப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போட்டுவிட்டாராம். அவரே எழுந்து போய், தாள் கட்டைப் பிரித்து அதை எடுத்துவந்தார். "ரெண்டு நாளு கழிச்சு வந்திருந்தா மொளகாத்தூளு மடிச்சிருப்பான்" என்றார். அவ்வளவு நல்ல மனிதரைக் கடைக்காரர் என்று சொல்லவே எனக்கு மனம் வராது.

முடிவை நான் பஸ் நிலையத்திலேயே நின்றபடி படித்துவிட்டேன். அக்காவுக்குத்தானே சொல்லக்கூடாது, நான் படிக்கக்கூடாது என்று யார் சொன்னது? படித்ததில் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்ததில் வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு வாரத்தையும் சேர்த்துத் தைத்தேன், பதினெட்டாவது புத்தகமாயிற்று.

ஆடிக்கு அக்கா வந்தாள். மெலிந்திருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே கறுத்த தடம். விறகு பட்டது என்றாள். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. தனியாக இருந்தபோது அக்கா என்னிடம் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"சொல்லாத. பொழுதுக்குள்ள திரும்பணும், என் வீட்ல ஆற அமரப் படிச்சுக்கிறேன். பத்தரமா இருக்குல்ல?"

இந்தக் கேள்விதான் என்னைப் படுத்தியது. அந்த வருஷம் மழை கொட்டியது. தகரக் கூரை நாலு இடத்தில் ஒழுகியது, போதாததற்குக் கட்டில் காலில் கரையான். அக்காவின் மரங்கள் இப்போது என் கையில், அதனால் பாலுக்குப் பஞ்சமில்லை. மரம் வெட்டப் போகிறவர்கள் பழைய துணியில் பாலைப் பூசிக் காயவைத்து மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வோம். ஒரு சொட்டு இறங்காது. துணிக்கு ஆகும் என்றால் புத்தகத்துக்கு ஆகாதா? பதினைந்து வயதில் என் மூளை அப்படி வேலை செய்தது.

டின்பால் டப்பாவில் புதுப் பால் பிடித்து, கோழி இறகால் பதினெட்டுப் புத்தகங்களுக்கும் அட்டை, முதுகு, பக்க ஓரங்கள் ஒன்றுவிடாமல் பூசினேன். காயவைத்தேன், மறுபடி பூசினேன். மூன்று நாள், மூன்று பூச்சு. கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருந்ததை லயமே வந்து பார்த்தது. "மூளக்காரிடி இவ" என்றார்கள். அப்பா ஒன்றைத் தட்டிப் பார்த்து, "இனி நம்ம மூடா ஆத்துல போட்டாலும் மெதக்கும்" என்றார். ஆயுளுக்கும் பாலோடு புழங்கிய மனிதர்கள், ஒருவருக்காவது தோன்றவில்லை. பால்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அது கெடுக்கும் என்று யார் நினைப்பார்கள்? சாக்கில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டு, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு அக்கா வந்தாள். முகத்தில் கல்யாணத்துக்கு முந்திய சிரிப்பு. "தனி வீடு குடுத்துட்டாங்கடி. எறக்கு எல்லாத்தையும்."

இறக்கினேன். அவிழ்த்ததும் வீடு முழுக்க நாற்றம். மழைத்துணிக்குப் பால் பூசினால் வெயில் படும், காற்று படும். இங்கே மட்டமான தாள் பாலை ஓரத்திலிருந்து உள்ளே உறிஞ்சி, ஈரத்தோடு மூடிக்கிடந்து அழுகியிருந்தது. ஒவ்வொரு புத்தகமும் ஒரு செங்கல். பக்கம் என்று ஒன்று பிரியவில்லை. அக்கா குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு, பதினெட்டாவதை எடுத்தாள். சவர பிளேடால் மெதுவாக ஓரத்தைக் கீறி உரித்தாள். தாள் தாளாக வரவில்லை. ரப்பர்த் தோல் வந்தது, எழுத்துகள் அதில் இடவலம் மாறி ஒட்டியிருந்தன. அதைச் சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் படித்தாள். "பெட்டி" என்றாள். கொஞ்சம் தள்ளி, "கதவை" என்றாள். அதற்கு மேல் எழுத்து இல்லை.

"அக்கா, முடிவு எனக்குத் தெரியும். சொல்றேன் அக்கா."

"வேணாம்டி. கொழந்த அழுவுது பாரு."

குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பிளேடைத் துடைத்து அப்பாவின் பெட்டியில் வைத்தாள், சோறு சாப்பிட்டாள், கிளம்பிப் போனாள். மறுநாள் அம்மா பதினெட்டையும் ஒட்டுப்பால் சாக்கில் போட்டுவிட்டாள். எடையாவது ஏறட்டும் என்றாள். ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அதன்பிறகு அக்கா ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நான் புத்தகம் கொண்டுபோனால் வாங்கி அரிசிப்பானையை மூடுவாள். அவள் விட்டதையும் சேர்த்து நான்தான் படித்துத் தள்ளினேன். துணிக்கடை வேலைக்குச் சுங்கைப் பட்டாணிக்கு வந்தபிறகு, பாய் கடையில் பாதிச் சம்பளமும் போனது. என் வீட்டில் உட்கார இடமிருக்காது. பழைய பேப்பர்க்காரன் வந்தால் தன் கடைக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான் என்று மகள் கேலி செய்வாள். அந்தக் கதை மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. புத்தகமாக வந்ததா என்றும் தெரியவில்லை. எழுதியவர் பெயர் பாய்க்கும் ஞாபகமில்லை, எனக்கும் இல்லை.

அக்கா அந்தப் புருஷனோடு முப்பத்தோரு வருஷம் இருந்தாள், அவர் சாகும்வரை. சம்சு சாராயம் குடித்துவிட்டு அவர் செய்ததை எல்லாம் இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? கடைசியில் சர்க்கரை வந்து அவள் கண்ணும் கிட்னியும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நான் பக்கம் திருப்புகிற சத்தத்தைக் கேட்டபடி இருந்தவள், திடீரென்று கேட்டாள்.

"அந்தக் கதைல அவ போனாளா, இருந்துட்டாளா?"

எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருஷம் அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். பஸ் நிலையம் ஞாபகம் வந்தது, மிளகாய்த்தூளுக்குத் தப்பி வந்த தாள் ஞாபகம் வந்தது, போய்விட்ட பஸ்கூட ஞாபகம் வந்தது. முடிவு மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு படித்த ஆயிரம் கதைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன.

"போயிட்டா அக்கா. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா."

அக்கா ஒரு கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போயிருந்தா, ஆடிக்கு என் கையப் பாத்த அன்னிக்கே நான் வேணாம்னாலும் நீ சொல்லியிருப்படி" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷமே அவளும் போய்விட்டாள். எங்கள் தோட்டம் இப்போது அடுக்கு வீடுகள், பாய் கடை இருந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள், அந்த வாரப் பத்திரிகை நின்றே பல காலமாயிற்று. நான் அன்றைக்குச் சொன்னது பொய்யா உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை.