தூபாவின் மருதாணியும் சங்கீதாவின் கட்டைவிரலும்

கம்பெனி பஸ் வருவதற்குள் சங்கீதா மூன்று வீட்டுச் செடிகளையாவது சோதித்து முடித்திருப்பாள். மதிலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் இலை எதுவானாலும் சரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகத் தடவிவிடுவாள். "இதுக்குத் தண்ணி ஜாஸ்தி." அடுத்த வீடு. "இது வெயிலே பாக்காத செடி. பாவம்." உள்ளேயிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரும்மா அது, இன்னா வேணும்?" என்று அதட்டினால், "உங்க செம்பருத்தியில மாவுப்பூச்சி ஏறியிருக்கு சார், இலையைத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து திருப்பிப் பார்ப்பார். ஏறித்தான் இருக்கும்.

அவளுக்குச் சோறு போடுவதே அந்த விரல்கள்தான். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கர் வேலை. தைத்து வரும் மேல்தோலை, அவர்கள் பாஷையில் அப்பரை, கையில் எடுத்துக் கட்டைவிரலைத் தையல்மேல் ஓட்டுவாள். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு தையல் தளர்ந்திருக்கும். இல்லாவிட்டால் மாடு உயிரோடு இருந்தபோது முள்கம்பியில் கிழித்துக்கொண்ட பழைய தழும்பு ஒன்று இருக்கும். சில்வர் பேனாவால் அங்கே ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவாள். தோலில் குறி போடுவதற்கென்றே உள்ள பேனா அது. வேலை முடிந்த பிறகும் அவள் கொண்டையிலேயே செருகியிருக்கும். அதோடு கோயிலுக்கும் போவாள், கறிக்கடைக்கும் போவாள். புருஷன் நவநீதன் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே என் சட்டைத் தையலைத் தடவிப் பாத்துட்டுத்தான் சரின்னா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனைக்கும் அவள் வீட்டில் ஒரு செடி கிடையாது. லைன் வீடு, வாசல்வரை சிமெண்ட். அதனால் ஊரார் செடியெல்லாம் அவள் செடி என்று ஆகிவிட்டது.

வீடு மாறுகிறவர்கள் பீரோ தூக்க ஆள் தேடுகிற மாதிரி, செடி தூக்க அவளைத் தேடி வருவார்கள். நட்டு வருடக்கணக்காகி வேர் ஊன்றிப்போன செடியைக் கிளப்பி இன்னொரு மண்ணில் பிழைக்கவைப்பது சாமானியமா? கூலி எதுவும் வாங்க மாட்டாள். அதற்குப் பதிலாக அதிகாரம் பண்ணுவாள். உச்சி வெயிலில் கடப்பாரையைத் தொடக் கூடாது. முதல்நாள் சாயந்திரமே வேருக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். செடியைக் கீழே கிடத்திவிட்டு அப்புறம் குழி தோண்டுகிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. தோண்டும் முன் கொண்டையிலிருந்து பேனா இறங்கும். தண்டில் மண் தொடுகிற இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு, அதற்குச் சற்று மேலே கிழக்குப் பக்கமாக ஒரு புள்ளி. புது இடத்தில் கோடு மண்ணுக்குச் சரியாக வர வேண்டும், புள்ளி கிழக்கே பார்க்க வேண்டும். "நீங்க தூங்கி எழுந்து பாத்தா ஜன்னலு வேற பக்கம் இருந்தா பேஜாரா இருக்காது? அதுக்கும் அப்டித்தான்." இதைவிடக் கொடுமை, பூவையும் மொட்டையும் கிள்ளிப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூட வாத்தியார் ஆல்வின் தன் ரோஜா மொட்டுகளுக்காகக் கெஞ்சிப் பார்த்தார். "வீடு காலி பண்ற அன்னிக்கு யாராவது கல்யாண விருந்து போடுவாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே ஏழு மொட்டுகளையும் கிள்ளினாள்.

இவ்வளவு கறாருக்கும் காரணம் ஒரு கொலை. செத்தது தூபாவின் பன்னீர் ரோஜா.

தூபா சங்கீதாவின் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவள். வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்கு அப்பரில் கைத்தையல் போட்டுக் கொடுப்பவள். சங்கீதாவைவிட ஐந்து வயது மூத்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் கால்வாய் கட்டுவதற்காகத் தெருவைத் தோண்டியபோது, வாசலில் இருந்த ரோஜாவைப் பின்பக்கம் மாற்றித் தருகிறேன் என்று சங்கீதா தானாகப் போய் நின்றாள். வேரைப் பிடித்திருக்கும் தாய்மண்ணை எல்லாரும் கோணியில்தான் கட்டுவார்கள். கோணியோடு புதைத்தாலும் அது மட்கிப் போகும், வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். சங்கீதாவுக்குக் கோணி அழகாகப் படவில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைக் கொண்டுவந்தாள். தோல் மூச்சு விடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காலுக்கு மூச்சு விடுகிற தோல் வேருக்கு விடாதா? மண்ணுருண்டைக்கு அளவெடுத்து, குழந்தைக்குச் சட்டை தைக்கிற மாதிரி தைத்து, அப்படியே குழியில் இறக்கினாள். தெருவே வந்து பார்த்து மெச்சியது.

நாலு மாதத்தில் ரோஜா கருகிப்போனது. தோண்டி எடுத்தபோது தோல் போட்டது போட்டபடியே இருந்தது. தோல் அழுகாமல் இருக்கத்தானே ஊரில் இத்தனை தொழிற்சாலை! வேர்களெல்லாம் உள்ளேயே சுற்றிச் சுற்றி, பந்தாகச் சுருண்டு செத்திருந்தன. சங்கீதா பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தையல்மேல் ஓட்டினாள். ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. தூபா நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவளோ, "போவட்டும் விடு, டீ குடி" என்றாள். அந்த டீ இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது என்பாள் சங்கீதா.

போன ஐப்பசியில் அதே தூபா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சங்கீதாவின் வாசலில் வந்து நின்றாள். வீட்டை விற்றாயிற்று. அவள் கணவர் சர்தார் பாஷாவுக்கு இரண்டு அண்ணன்மார். அவர்கள் முடிவெடுத்தார்கள், இவர் கையெழுத்துப் போட்டார். கார்த்திகை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வாங்கியவர் முற்றம் முழுக்கச் சிமெண்ட் போடப் போகிறாராம். அந்த முற்றத்து மூலையில்தான் தூபாவின் மருதாணி நிற்கிறது. மணப்பெண்ணாக வந்த வருடம் அவள் குச்சியாக ஊன்றியது, இப்போது ஆள் உயரத்துக்கும் மேல். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் இலை அங்கிருந்துதான் போகும். அப்படிச் சிவக்கும்.

"கட்டிலு, பீரோ, பாத்திரம் எல்லாம் மாமியார் வூட்டுது. இருபத்திரெண்டு வருஷத்துல என்னுதுன்னு அந்த வூட்ல இருக்கறது இது ஒண்ணுதான். எடுத்துக் குடு சங்கீதா."

சங்கீதா ஓரடி பின்வாங்கினாள். "வேணாங்க்கா. வயசான மருதாணி. அடிவேர் எங்க போயிருக்குதோ இன்னாவோ. குச்சி வெட்டித் தர்றேன், புதுசா நட்டுக்குங்க."

"குச்சியை நட்டுட்டு இன்னொரு இருபத்திரெண்டு வருஷம் உக்காந்துகினு இருக்கவா? எனக்கு இதுதான் வேணும்."

"அப்ப வேற யாரையாவது கூப்டுங்க. நான்தான் ஒண்ணைக் கொன்னேனே."

"அதனாலதான்டீ உன்னைக் கேக்கறேன். வேற ஆளு வந்தா புதுசா ஒரு தப்பு பண்ணுவான். நீ பண்ண வேண்டிய தப்பைப் பண்ணி முடிச்சுட்டே."

சங்கீதா கொண்டையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு அவளோடு கிளம்பினாள்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. முதலில் செடியைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகத் தோண்டி, வெளியே ஓடிய வேர்களைக் கூரான கத்தியால் நறுக்கி, நல்ல மண் போட்டு மூடினாள். இரண்டு வாரம் விட்டு மறுபக்கம். ஒரேயடியாக நறுக்கினால் செடி மலைத்துப்போகும். பாதிபாதியாக நறுக்கினால், கிளம்பப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கிட்டத்திலேயே புது வேர் விட்டுக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. தூபா பார்த்திருந்த வாடகை வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் கையகல மண்தான் இருந்தது, அதுவும் உப்புப் பூத்த மண். அதை ஆழமாகத் தோண்டி எறிந்தார்கள். திமிரிக்கு லோடு ஏற்றிப் போன நவநீதன் திரும்பும்போது செம்மண்ணும் மக்கிய எருவும் கொண்டுவந்து கொட்டினார்.

கார்த்திகையில் தூறல் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, இலையையெல்லாம் உருவிப் போட்டாள் சங்கீதா. "அரே அல்லா, மொட்டை அடிச்சுட்டியேடீ!" என்று தூபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாதி வேருதான் வரப் போவுது. மேல முழுசா இருந்தா அத்தனைக்கும் யாரு தண்ணி குடுக்கறது?" என்றாள் சங்கீதா, திரும்பிப் பார்க்காமலே.

கடப்பாரை போட்டு நெம்பியபோது மூன்று பக்கம் கிளம்பியது. நாலாவது பக்கம் அசையவில்லை. மணிக்கட்டுத் தடிமனில் அடிவேர் ஒன்று, கத்திக்கு எட்டாத ஆழத்தில், சுவருக்கு அடியில் போயிருந்தது. கயிறு கட்டி இழுக்கலாமா என்றார் நவநீதன். "இழுத்தா தாய்மண்ணு உதிர்ந்துடும். அப்புறம் விறகுதான்." சங்கீதா சேற்றில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை விட்டு, அந்த வேரைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ரம்பத்தைக் கேட்டாள். அறுக்கும்போது கண்களை மூடிக்கொண்டாள். தூபா அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

ஈரக் கோணியில் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி நவநீதன் பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஓட்டினார். புதுக் குழியில் இறக்கி, சில்வர் பேனாவால் தண்டில் போட்டிருந்த கோட்டை மண்ணுக்குச் சரிபார்த்து, புள்ளியைக் கிழக்கே திருப்பி, கடைசியில் கோணியை அறுத்து ஒரு நார் மிச்சமில்லாமல் உருவி எடுத்தாள். "கோணிதான் மட்கிடுமே, இருக்கட்டுமே" என்றார் நவநீதன். அவள் பார்த்த பார்வையில் அறுத்த நாரையெல்லாம் பொறுக்கத் தொடங்கினார். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஒரு சொட்டு விடக் கூடாது, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் மட்டும்தான், உரம் என்கிற பேச்சே கூடாது என்று தூபாவுக்கு உத்தரவு போட்டுவிட்டுச் சேற்றுப் புடவையோடு வீடு போய்ச் சேர்ந்தாள்.

மார்கழி வந்தது. மருதாணி நாலு மொட்டைக் குச்சியாக நின்றது. மாடி வீட்டுக்காரி அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டாள். சங்கீதா தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான் போனாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இன்று பச்சை இருந்தால் நாளைக்கும் இருக்கும் என்று என்ன நிச்சயம்? மறுநாள் இன்னொரு இடத்தில் கீறுவாள். இரண்டு வாரத்தில் குச்சியெல்லாம் கீறல். அந்த நாட்களில்தான் தையல் விட்ட ஒரு ஜோடி அவள் விரலுக்குத் தப்பிப் பெட்டிவரைக்கும் போய்விட்டது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "இன்னா சங்கீதா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். "இல்ல சார், செடி" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் தூபாதான் பொறுமையிழந்தாள். "அதும் உடம்புல தோலே இல்லாம பண்ணிட்டேடீ. வா, உக்காரு, டீ குடி. கையை மட்டும் வெக்காதே." சங்கீதாவுக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. பஸ் நிற்கும் இடத்திலும் யார் வீட்டு இலையையும் தொடவில்லை. பயம்தான். தொட்ட விரல் கெட்ட சேதி சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே தூபா நின்றிருந்தாள். சங்கீதாவின் மணிக்கட்டைப் பிடித்து, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போய், மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வெள்ளிப் புள்ளிக்கு ஒரு சாண் மேலே, நகக் கீறல்களுக்கு நடுவே, நொய்யரிசி அளவில் இரண்டு இலைகள், சிவப்போடிய பச்சையில். சங்கீதாவுக்குக் கண் நிறைந்துபோய் முதலில் எதுவும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தன.

"தொட்டுப் பாரேன்டீ" என்றாள் தூபா. "நான்தான் சொல்றேனே. செக் பண்ணு."

சங்கீதாவின் கட்டைவிரல் தானாக எழுந்தது. அவள் அதை மற்ற கையால் பிடித்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு இலைகளையும் குனிந்து பார்த்தபடியே இருந்தாள்.