பொம்மையிடம் பேச மறுத்த அபூக்கி

நாற்பத்தாறு வயதில் என் மனைவி அபூக்கி பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போனாள். நான் ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குப் பக்கத்தில் தேயிலை ஆலை ஒன்றில் பச்சிலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அன்றிலிருந்து சமையல், துணி துவைப்பது, ஆட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. ஆலையில் சும்மா விடுவார்களா?

"என்ன அமோத்தி, பொண்டாட்டிய ஹாஸ்டல்ல சேத்துட்டீங்களாமே. பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கதான் போவீங்களா?" என்று எடை போடுகிறவன் தினமும் கேட்பான். நானும் தினமும் அவனைத் திட்டிவிட்டுத்தான் லாரியைக் கிளப்புவேன்.

அபூக்கி, அமோத்தி என்பதெல்லாம் எங்கள் எம்பாக்கோ. தோரோ மண்ணில் பிறந்தவனுக்குப் பெயர் எதுவாக இருந்தாலும், கூப்பிடுவதற்கு எம்பாக்கோ என்று ஒன்று வேண்டும். மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். குழந்தை பிறந்த சில நாளில் அதில் ஒன்றைச் சூட்டிவிடுவார்கள். முன்பின் தெரியாதவரைச் சந்தித்தாலும் முதலில் "உங்க எம்பாக்கோ என்ன?" என்று கேட்டு, அதைச் சொல்லித்தான் நலம் விசாரிப்போம். கேட்காமல் பேச்சைத் தொடங்குகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்போம்.

அபூக்கியின் முழுப்பெயர் பெற்றிஸ் கொமுஹெண்டோ. இருபது வயதில் தாதிச் சான்றிதழ் வாங்கியவள். மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் சில வருடம், பிறகு எங்கள் ஊர் நிலையத்தின் பிரசவ அறையில் மிச்ச வருடமெல்லாம். சந்தைக்கு அவளோடு போனால் எனக்கு எரிச்சல்தான் வரும். தக்காளிக்காரியிலிருந்து மோட்டார் சைக்கிள்காரன் வரை அவள் கையில் விழுந்து பிறந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் நின்று, தாயார் சௌக்கியமா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் நான் வாங்கிய மீன் நாறத் தொடங்கிவிடும்.

இனிமேல் பிரசவ அறைப் பொறுப்புக்குப் பட்டம் வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. நேற்று வந்த பெண்கள் அவளை "பழைய சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் என்னிடமே சொன்னாள். மாவட்டம் மூன்று வருடம் படிப்பு விடுப்புக் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அதற்குள் பட்டம் வராவிட்டால் பொறுப்பு வேறொருத்திக்குப் போய்விடும்.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு எங்கள் மகள் அக்கீக்கியைவிட ஒரு வயது குறைவு. காலை ஆராதனைக்குப் போனால்தான் அட்டையில் முத்திரை. முத்திரை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. அந்தச் சின்னப் பெண்கள் தூங்கி வழிய, இவள் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போவாளாம். எல்லோரும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். உடற்கூறு பாடத்தில் முதல் வருடம் தட்டுத்தடுமாறினாள். இரண்டாம் வருடம் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். எடை போடுகிறவனிடம் அதை நான்கு முறை சொன்னேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய், கரை சேருகிற நேரத்தில், அந்த ரப்பர் பொம்மை வந்து குறுக்கே படுத்தது.

கடைசி வருடச் செய்முறைப் பரீட்சை ஒரு மணி அடித்தால் ஒரு மேசை, அடுத்த மணிக்கு அடுத்த மேசை என்று நடக்கும். பன்னிரண்டு மேசை. பதினொன்றில் அபூக்கி தேறிவிட்டாள். பன்னிரண்டாவதில் பொம்மை, ஆள் உயரத்துக்கு. பிள்ளை பெற்று ரத்தம் நிற்காமல் போகிற தாய் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு நிமிடத்தில் அவளைக் காப்பாற்ற வேண்டும். அபூக்கி ஊரில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வேலைதான் அது. வயிற்றைத் தேய்த்தாள், ஊசி போட்டாள், ட்ரிப்ஸ் ஏற்றினாள், எல்லாம் செய்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. தாயிடம் பெயர் கேட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, தைரியம் கொடுக்க வேண்டும் என்பது மதிப்பெண் தாளில் நட்சத்திரம் போட்ட வரி. அந்த வரி விட்டுப்போனால் மற்றதெல்லாம் செய்தும் தோல்விதான்.

அந்த மேசைக்குப் பரீட்சகராக இருந்த விரிவுரையாளர் பகுமா கூப்பிட்டு விசாரித்தார். "கை வேலைக்கு நூத்துக்கு நூறு போடலாம்மா. ஆனா ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?"

"பொம்மைகிட்ட என்ன சார் பேச்சு? சிலைகிட்ட பேசறதுக்கு எங்க சர்ச்சுல வேற பேரு" என்றாள் இவள்.

"நானும் ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்றவன்தான். இது சிலை இல்ல, ரப்பர். ரெண்டு வாரத்துல மறுபரீட்சை. ஒரே ஒரு தடவைதான் தருவோம்."

அதிலும் தவறினால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அந்த ஒரு வருடம் மாவட்டத்திடம் இல்லை.

வீட்டுக்கு வந்தவளைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினேன். பொய் சொல்வானேன், நன்றாகவே திட்டினேன். "ஊர்ல காக்கா குருவிகிட்டகூட நின்னு குசலம் விசாரிப்ப. எட்டு நிமிஷம் ஒரு ரப்பர்கிட்ட பேச உனக்கு வேதம் இடிக்குதா?"

"அதுக்கு எம்பாக்கோ கிடையாது. எம்பாக்கோ இல்லாததுகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கீக்கி சிரித்தாள். "அம்மா, நீங்களே ஒண்ணு வச்சிடுங்க. ரப்பருக்கு எது வச்சாலும் கோவிச்சுக்காது."

அபூக்கி சிரிக்கவில்லை. மூன்று வருடமாக வகுப்பில் பயிற்சியின்போதெல்லாம் பேசுகிற பகுதியைக் கூட இருந்த பெண்ணிடம் தள்ளிவிட்டு, கை வேலையை மட்டும் தான் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கேழ்வரகுக் களியும் பீன்ஸ் குழம்பும் சாப்பிட்ட பிறகு நான் பாயில் மல்லாந்து படுத்தேன். "வா, நான்தான் பொம்மை. பேசிப் பழகு" என்றேன். அக்கீக்கி கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். முதல் தடவை அபூக்கி சரளமாகப் பேசினாள். நான் பிரசவித்த தாயாக முனகினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது செல்லாது, நீங்க பதில் சொல்றீங்க. பொம்மை சொல்லாது" என்றாள் அபூக்கி.

சரி என்று இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சையும் அடக்கிக்கொண்டேன். இந்த விளையாட்டில் எனக்குக் கெட்டிக்காரத்தனம் காட்ட ஆசை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க எம்பாக்கோ என்னம்மா?" என்றாள். நான் அசையவில்லை. "அம்மா, எம்பாக்கோ என்ன?" குரல் இறங்கியது. மூன்றாம் தடவை கேட்டபோது அது என் மனைவியின் குரலாகவே இல்லை. கண்ணைத் திறந்தேன். அவள் முகம் வெளுத்துப்போய், என் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்கீக்கியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அப்போதுதான் சொன்னாள். கல்யாணமான புதிதில், மலையடிவார நிலையத்தில் அவள் தனியாக இருந்த ஒரு மத்தியானம். வீட்டிலேயே பிள்ளை பெற்று ரத்தம் நிற்காத ஒருத்தியை யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உறவினரைக் கூட்டிவரப் போய்விட்டான். அவசரத்தில் எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கியிருக்கிறாள். பாதியில்தான் ஞாபகம் வந்து, தைரியம் கொடுக்கலாம் என்று எம்பாக்கோ கேட்டிருக்கிறாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தேன், அமோத்தி. கை வேலை செய்யுது, வாய் கேட்டுக்கிட்டே இருக்கு. பயப்படாதீங்க, புள்ள நல்லாருக்கு, எம்பாக்கோ சொல்லுங்கன்னு. பத்து நிமிஷம் இருக்கும். அவ எப்பவோ போயிட்டா. நான் செத்தவகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன். மறுநாள் அவ மாமியார்க்காரி வந்து பேரைச் சொன்னா, நோட்டுல எழுதினேன். எம்பாக்கோ கேக்க எனக்கு வாய் வரல."

இருபது வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்தவன் நான். எனக்குத் தெரியாது. அன்றைக்கு வேலை முடிந்து வந்தவள் சாப்பிடாமல் இருந்திருப்பாள், நான் குழம்பில் உப்பில்லை என்று கத்தியிருப்பேன். நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் அதைக் குடித்தாள்.

"நான் போய் பகுமா சார்கிட்ட சொல்றேன். கேட்டா அவர் மனசு இளகும்" என்றேன்.

"போனீங்கன்னா அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க. பரிதாபத்துக்கு மார்க் வாங்கிட்டு வந்து நான் யார் வயித்துல கை வைப்பேன்?" ஒரே போடாகப் போட்டாள்.

மறுபரீட்சை அன்று காலை நானே அவளைக் கூட்டிப்போனேன். திரும்பும்போது நகரத்திலிருந்து உரமூட்டை ஏற்றிவர வேண்டும் என்ற நிபந்தனையோடு மேலாளர் லாரியைக் கொடுத்தார். வழியெல்லாம் அவள் பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆலையில் கேட்டால் சொல்வார்கள்.

பயிற்சி அறை தரைத்தளத்தில்தான். கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னல், பாதி திறந்திருந்தது. நான் வெளியே அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன். பகுமா ஜெபம் பண்ணுவது கேட்டது. இந்த முறை பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். ஹொய்மாவிலிருந்து வந்தவர், பருத்த உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி. நாற்காலியைப் பொம்மையின் தலைமாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காவலாளி வந்து "இங்க நிக்கக் கூடாது" என்றான். உன் எம்பாக்கோ என்ன என்று கேட்டு, அவன் தாயாரின் முட்டிவலி வரை விசாரித்தேன். அவன் சற்றுத் தள்ளிப்போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மணி அடித்தது. கையுறை இழுக்கிற சத்தம். தட்டில் ஏதோ கலகலத்தது. பேச்சில்லை. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். மூன்று வருடம் புல் அறுத்தது, ஆராதனை முத்திரை, அந்தச் சின்னப் பெண்கள், எல்லாம் அந்த ரப்பரின் மேல் கிடந்தது. பேசு, அபூக்கி, தோற்றாலும் பரவாயில்லை, ஒரு தடவை கேட்டுவிடு என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"உங்க" என்றாள். நின்றுவிட்டது. அப்புறம் மெதுவாக, "உங்க எம்பாக்கோ என்னம்மா?"

ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அத்வோக்கி" என்று ஒரு பெண் குரல் சொன்னது. பலவீனமான, மூச்சு வாங்குகிற குரல். "எனக்கு ரொம்பக் குளிருது, சிஸ்டர். விட்டுட்டுப் போயிடாதீங்க."

அந்த ஹொய்மா அம்மாள்தான். கேட்டால் பொம்மைக்காகப் பரீட்சகர் பதில் சொல்வார் என்பது விதியாம். போன முறை இவள் எதுவும் கேட்கவே இல்லை, அதனால் பகுமா எதுவும் சொல்லவில்லை. மற்ற பரீட்சகர்கள் நாடித்துடிப்பு இவ்வளவு என்று எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்களாம். இந்த அம்மாள் பிரசவித்தவளாகவே பேசினார்.

உள்ளே ஒரு விம்மல் கேட்டது. அவ்வளவுதான் போயிற்று என்று நினைத்தேன். இல்லை.

"அத்வோக்கி, நான் எங்கயும் போகல" என்றாள் என் மனைவி. "இங்கதான் இருக்கேன். இப்ப உங்க வயித்தை அழுத்தப் போறேன், வலிக்கும், பொறுத்துக்குங்க. அத்வோக்கி, இந்த ஊசி ரத்தத்தை நிறுத்தறதுக்கு. கேக்குதா அத்வோக்கி?" கேட்கிறது, கேட்கிறது என்றது அந்தக் குரல். சந்தையில் பேசுவது போல அவள் நிறுத்தாமல் பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை எம்பாக்கோ சொன்னாள்.

"ரத்தம் நின்னுடுச்சா, சிஸ்டர்?"

"நின்னுடுச்சு, அத்வோக்கி. நீங்க பொழைச்சுட்டீங்க."

மணி அடித்தது.

நான்கு மணிக்கு முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். தேர்ச்சி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காவலாளியைக் கட்டிப்பிடித்தேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு, அப்புறம் அவனும் சிரித்தான்.

உரமூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தேயிலைத் தோட்டத்து வளைவு வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மிகச் சாதாரணமாக, "அவ பதில் சொன்னா, அமோத்தி" என்றாள்.

லாரியை ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கிறது என்றாள். இறங்கிப் போய் சுட்ட வாழைப்பழம் ஆறு வாங்கி வந்தேன். ஐந்தை அவளே தின்றாள்.