பவளத்தின் விரதம்

பந்தயத்தில் ஓடி முடித்த குதிரையின் தொண்டையை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? கால்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் நுரையைப் பார்த்து, என்ன வேகம் என்று வியந்திருப்பீர்கள். செல்வதாஸ் தொண்டையைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் அவரை நிம்மதியாக இருக்க விட்டதே இல்லை.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். வீட்டு டிரைவர் வேலை என்று சொல்லி வளைகுடாவுக்கு ஏற்றிவிட்டார்கள். போய் இறங்கிய இடம் ஒரு பந்தயக் குதிரை லாயம். முதலில் பயந்தார், பிறகு பழகினார், கடைசியில் மனிதர்களைவிடக் குதிரைகளே தேவலை என்று ஆகிவிட்டது. ஒரு விஷயத்தை மட்டும் அவரால் கடைசிவரை பழகிக்கொள்ள முடியவில்லை. உயிரைக் கொடுத்து ஓடும் குதிரைக்கு நுரையீரலில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மூக்கு வழியே வந்தால் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் வராது. ஓடி நின்ற குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டு, வாயில் ஒன்றுமே இல்லாதபோதும் திரும்பத் திரும்ப விழுங்கும். அது விழுங்குவது சொந்த ரத்தத்தை. வெளியே தெரியாமல் இருப்பதற்காக அங்கே பந்தயத்துக்கு முன்பு ஊசி போடுவார்கள், தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள்.

ஊர் திரும்பியவரைக் குளச்சல் சாலையில் சிமெண்டும் கம்பியும் விற்கும் பகவதியப்பன் வேலைக்கு வைத்துக்கொண்டார். பகவதியப்பனுக்குக் குதிரைவண்டிப் பந்தயத்தில் பைத்தியம். எங்கோ ஒரு பெருநகரப் பந்தயத் திடலில் கழித்துவிட்ட செம்பழுப்புப் பெட்டைக் குதிரையை வாங்கி, பவளம் என்று பெயர் வைத்திருந்தார். ஏன் கழித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் பயிற்சி ஓட்டம். சுடலைமாடன் கோவிலைத் தாண்டியதும் பவளத்தின் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் ரத்தம். உச்சி வேளையில் மாடன் எல்லைக்குள் ரத்தம் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மாடன் அடி. குதிரை லாயத்துக்கு வந்து சேரும் முன்பே செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

கால்நடை மருத்துவர் லிஜாவைச் செல்வதாஸே போய் அழைத்து வந்தார். அவர் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்குள்ள வெடிச்சிருக்கு அண்ணாச்சி. நல்லா ஓய்வு குடுங்க. பந்தயம் இனி இதுக்கு ஆவாது" என்றார். பகவதியப்பன் மரியாதையாகத் தலையாட்டினார். இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். மருத்துவரின் வண்டி வளைவில் மறைந்ததும் கோமரத்தாடிக்கு ஆள் விட்டார்.

மாடன் ஏறி ஆடும் கோமரத்தாடி சொன்ன பரிகாரம் இது: குதிரைக்கு விரதம். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து புல்லும் கூடாது, தண்ணீரும் கூடாது. மறுநாள் கழுத்தில் சிவப்புப் பட்டுக் கட்டிக் கோவிலைத் தாண்டி ஓட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வராவிட்டால் மாடன் பொறுத்துக்கொண்டான் என்று அர்த்தம். கோவில் கொடைத் திருவிழாவன்று பந்தயத்தில் விடலாம்.

செல்வதாஸுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. பாலைவனத்தில் தெரிந்தே செய்த மோசடியை இங்கே பக்தியோடு செய்யப்போகிறார்கள். அங்கே செய்தவனுக்காவது தான் செய்வது என்னவென்று தெரியும்.

பவளம் ஓடியது. மூக்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெடி போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது.

செல்வதாஸ் பகவதியப்பனின் கையைப் பிடித்துக் காட்டினார். "அண்ணே, தொண்டையப் பாருங்க. ரத்தம் நிக்கல்ல. உள்ள போவுது."

"தண்ணி குடிக்காத மிருகம் எச்சில முழுங்குது. லேய் தாசு, நீ வேதக்காரன்லா? மாடனப் பத்தி ஒனக்கு என்னவாக்கும் தெரியும்?"

"மாடன எனக்குத் தெரியாதுண்ணே. குதிரையத் தெரியும்."

"அப்ப குதிரைக்கு ஜெபம் பண்ணு, போ" என்றார் பகவதியப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செல்வதாஸ் தன் கிறிஸ்தவ சபையின் போதகரிடம் போனார். அது அவர்கள் காரியம், நாம் தலையிட்டால் ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும் என்று போதகர் சாந்தமாகச் சொன்னார். லிஜா மறுபடி வந்து எச்சரித்தார். மாடன் உத்தரவுக்கு மேல் சர்க்கார் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காவல் நிலையத்தில், திருவிழா சமயத்தில் இதெல்லாம் கிளப்பாதே என்றார்கள். ஒரு குதிரையைக் கொல்வதற்கு எத்தனை நல்லவர்கள் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கொடையன்று வண்டிகள் வரிசையில் நின்றபோது செல்வதாஸ் சாலையின் நடுவில் போய்ப் பவளத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். குதிரை அவர் தோளில் மூக்கை உரசியது. வேலைநேரம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் ஒரு தென்னையோடு சேர்த்துப் பிடித்து வைத்தார்கள். அடிக்கவில்லை. தெரிந்த பையன்கள்தான்.

கோவில் முன்பு இருந்த வளைவில் பவளம் முழங்கால் மடங்கி விழுந்தது. வாயிலும் மூக்கிலும் ரத்தம் கொப்பளித்தது. பிறகு கூட்டத்தில் இருந்த பெண்கள் குரவையிட்டார்கள். மாடன் தன் பங்கை எடுத்துக்கொண்டான்.

தென்னையோடு நின்ற செல்வதாஸ் அந்தக் குரவையைக் கேட்டார். இன்றைக்கும் கேட்கிறார். வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது தன் தொண்டை இறங்கும் ஓசை காதில் விழுந்தால் செம்பைக் கீழே வைத்துவிடுகிறார். மனைவி ஜெயபாய் முதலில் கோபித்தாள். இப்போது அந்தச் செம்பை எடுத்து உள்ளே கொண்டுபோகிறாள்.

குதிரை விழுந்த வளைவில் ஒரு பீடம் கட்டிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். குதிரைக்காரி அம்மனாம். பகவதியப்பன் வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறார், உண்மையாகவே கண் கலங்குகிறார். அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. தான் கொன்றதைக் கும்பிட்டுவிட்டால் கொன்றது கழிந்துவிடும் என்று எந்தத் துணிச்சலில் நம்புகிறோம்?

பகவதியப்பன் வேறொரு குதிரை வாங்கியிருக்கிறார். இதையும் ஏதோ ஒரு திடலில் கழித்துவிட்டிருக்கிறார்கள். வேறு ஆள் பராமரிக்கிறான். செல்வதாஸ் ரப்பர் காட்டுக்கே திரும்பிவிட்டார். ஆனால் இந்த வருடக் கொடைக்குப் பந்தல்கால் நாட்டியாயிற்று என்று கேள்விப்பட்டதும் லிஜாவைப் போய்ப் பார்த்தார். பந்தயத்துக்கு முன்பு குதிரையைப் பரிசோதிக்க விட வேண்டும், அதுவரை வழிவிட மாட்டோம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு பேரைத் தூக்கி ஓரமாக வைப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

நீங்கள் மாடனைக் கும்பிடுகிறவரா, அய்யாவழியா, சபைக்குப் போகிறவரா, என்னைப்போல எதையும் நம்பாதவரா என்பது அந்தக் குதிரைக்கு ஒரு பொருட்டில்லை. கொடையன்று வேடிக்கை பார்க்கக் கிளம்பும் அதே காலோடு வாருங்கள். சாலையோரத்தில் வேண்டாம். நடுவில் வந்து, அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் நில்லுங்கள்.