பரீதா பயந்த பாறைகள்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ்ஸுக்காக நின்றபோது பரீதாவின் தம்பி போன் செய்தார். "பரீதா ராத்தா மௌத்தாகிட்டாங்க. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்." ஐயோ, இந்த மழைக்காலத்தில் போய் இவள் இல்லாமல் போய்விட்டாளே என்றுதான் முதலில் பதறினேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

குகைக் கோயில்களை அளந்து வரைபடம் போடுவது எங்கள் இருவரின் வேலை. அவளோடு போன எல்லோருக்கும் தெரியும்: வாசலில் நின்று அண்ணாந்து பார்க்காமல் அவள் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. பாறையின் நெற்றியில் அந்தக் காலத்திலேயே ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், சிங்களத்தில் கட்டாரம். மேலிருந்து வழியும் மழைநீர் அதில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். துறவிகள் தங்கிய வெறும் குகைக்கு முதலில் அதுதான் வேலைப்பாடு. உள்ளே குடைந்து சிலையும் ஓவியமும் வைத்ததெல்லாம் பிற்காலத்தில். "கட்டின கோயில்ல ஒரு கல்ல மாத்தேலும். குடைஞ்ச கோயில்ல மலைய மாத்தேலுமா?" என்பாள்.

போன மாதம் கண்டிக்கு வெளியே ஒரு விகாரையில் அளந்துகொண்டிருந்தோம். மழை கொட்டியது. வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர் பாறைக் கூரையோடு ஊர்ந்து உள்ளே வந்தது. விளிம்பு உடைந்திருக்கிறதென்று யாரோ சீமெந்து பூசி மட்டமாக்கியிருந்தார்கள். "டேப்ப விட்டுட்டு ஓடி வா செல்வி, தண்ணி இறங்கின கல்லு பெயர்ந்துரும்!" என்று கத்தினாள். பூத்தட்டோடு நின்றவர்களையும் சிங்களத்தில் அதட்டி வெளியேற்றினாள். எதுவும் விழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். "விழுந்த பிறகு பயந்து என்ன செய்ய?" என்றாள். மழை விடும் வரை யாரையும் உள்ளே போக விடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, "உங்கட தோட்டத்து வீட்டுக்குப் பின்னாலயும் பாறைதானே?" என்று கேட்டாள். மறுநாளே மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாறைக்கு மேலே ஓடிய மழைத்தண்ணீர்க் கானை அம்மா மண் போட்டு மூடி மரக்கறி நட்டிருந்தார். தண்ணீர் பாறை வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "இந்தக் கல்லு விழும், வீட்ட விட்டு வாங்கம்மா" என்றாள் பரீதா.

"இத்தன காலம் விழாத கல்லு இப்பவா விழப்போவுது?" என்றார் அம்மா.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீங்க போகும் வரைக்கும் நானும் இங்கதான்" என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அம்மா கலஹாவில் என் வாடகை வீட்டுக்கு வந்தார்.

கல் இன்னும் விழவில்லை. பரீதாவின் ஜனாஸா வீட்டுக்குப் போய்த் திரும்பினால், அம்மா துணிகளைப் பையில் கட்டி வைத்திருக்கிறார். "அந்தப் புள்ளயே போயிருச்சு. இனி யாரு நம்மள புடிச்சு வைக்கப்போறா? நான் வீட்டுக்குப் போறேன்."

"போகாதீங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு பையை அவிழ்த்தார். நாளைக்கு மறுபடி கட்டுவார், எனக்குத் தெரியும்.

பரீதா தன் பயத்தை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். இந்த மழை ஓயும் வரையாவது அது என்னை விட்டுப் போகக் கூடாது.