நீர்நாய்க்கு விட்ட தண்ணீர்

தை மாதம் மேட்டூர் அணையை மூடிய பிறகு எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் என்று மிஞ்சியது, சட்ரஸ் மதகுக்குக் கீழே இருந்த ஒரு மடுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை ஊர்களுக்கு இது புதிதில்லை. எங்களுக்குத் தண்ணீர் கடைசியாக வரும், முதலில் போகும். அந்த வருடம் நாற்று விட்டதே தாமதம். மேலே உள்ள ஊர்களில் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது. எங்கள் சம்பா அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு நனைப்பு கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வருவது நெல் இல்லை, பதர்.

மடுவில் டீசல் என்ஜினை இறக்கி வாய்க்காலில் இறைப்பது என்று பேசி முடித்தோம். என்ஜினுக்குப் பக்கத்து வயலுக்கு முதல் முறை, அதற்கடுத்த வயலுக்கு அடுத்த முறை, இப்படியே போகும். வாய்க்காலின் கடைசி வயல் என்னுடையது. என் வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகு வயலும் அதைப் பற்றிய சண்டைகளும் என் பொறுப்பு. சண்டை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

முதல் வயல்காரத் தம்பி அந்த மடுவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடித்து விளையாடுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். அது எங்கெங்கோ சுற்றி வனத்துறைக்குப் போய்விட்டது. நாங்கள் என்ஜினை இறக்குகிற அன்று ஸ்கூட்டியில் ஒரு பெண் அதிகாரி வந்தார். கரையில் நாணல் புதருக்கு அடியில் வளை இருக்கிறது, குட்டிகள் இன்னும் வெளியே வரவில்லை, மடு வற்றினால் ஊர் நாய்கள் உள்ளே புகுந்து கடித்துவிடும் என்றார். மிரட்டவில்லை. "இந்த மிருகமே இப்ப அரிதாப் போச்சுங்க. இடுப்பளவு மட்டும் விட்டுடுங்க, போதும்" என்று சொல்லி, அந்த மட்டத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியைத் தண்ணீரில் நட்டார்.

கழியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கணக்கு புரிந்துவிட்டது. அதுவரை இறைத்தால் ஏறக்குறைய எல்லா வயலும் நனைந்துவிடும். என் வயலைத் தவிர.

"பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் ஒருவர். "நாமதானே பாத்துக்கணும்" என்றார் இன்னொருவர். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறீங்களா? எல்லாருக்கும் இரக்கம் பொங்குதுல்ல, அப்ப கடைசி வயல்லேர்ந்து முறையை ஆரம்பிங்க. பாப்போம்!"

 முதல் வயல்காரத் தம்பிதான், "அக்கா, அவ்வளவு தூரம் ஓடினா காஞ்ச வாய்க்காலே பாதித் தண்ணியக் குடிச்சுடும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் இறங்கவில்லை. வருடா வருடம் காய்கிறவளுக்கு வாய்க்கால் குடிப்பதைப் பற்றிப் பாடம் வேண்டாம் என்றேன். வீடியோ எடுத்தவர் அவர். அதிகாரியின் முன்னால் எப்படி மறுப்பார்? "சரி, அக்கா வயல்லேர்ந்தே விடுங்க" என்றார்.

தண்ணீர் என் வயலுக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு ஒவ்வொரு வயலாக மேலே ஏறியது. அவர் சொன்ன மாதிரியே வாய்க்கால் நிறையக் குடித்தது. தம்பியின் வயலுக்கு மடை திறந்து கொஞ்ச நேரத்தில், சிவப்புத் துணிக்குக் கீழே ஈரமான மூங்கில் தெரிந்தது.

கரையில் அவரும் நானும்தான் நின்றோம். அதிகாரி போய் வெகு நேரமாகியிருந்தது. அந்தப் பக்கம் நாணலுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. குட்டிகள். வயல் நனைந்த பிறகு எனக்கும் அவற்றின் மேல் பாசம் வந்திருந்தது, என்ன வசதியான பாசம்!

"ஒரு சாண் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டார்.

எடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.  அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்ஜினை நிறுத்தினார்.

மாசியில் குட்டிகள் வெளியே வந்தன. ஊரே கரைக்குப் போய்ப் பார்த்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து, விவசாயிகள் தியாகம் என்று எழுதினார்கள். படத்தில் நானும் இருந்தேன், முன் வரிசையில்.

அறுவடையில் தம்பி வயலில் பாதிக்கு மேல் பதர். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மூட்டை நெல்லை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, மனைவி மட்டும் இருந்தாள். எப்போதும் "வாங்கக்கா" என்று எழுந்து வருகிறவள், அன்று முறத்தில் பதர் புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீர்நாய்க்கு எல்லாரும்தானே விட்டுக்கொடுத்தோம், இதை வச்சுக்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"நீர்நாய்க்கு நாங்க ஒண்ணும் கொடுக்கலக்கா. உங்களுக்குத்தான் கொடுத்தோம்."