தொட்டித் தண்ணீர் போன வழி

போன சித்திரையில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கீழே நானும் என் கணவரும் இருக்கிறோம். மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்த வீட்டுத் தம்பிக்குத் தோல் மண்டியில் வேலை. அவர் மனைவிக்குக் கைக்குழந்தை. இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டிதான்.

காலையில் மோட்டார் போட்டு நிரப்பினால் சாயங்காலம் காலியாகிவிடும். போர்வெல்லிலும் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்த சமயம். என் கணவர் வாசலில் நின்று மாடிக்குக் கேட்கிற மாதிரியே பேசுவார்.

"பிள்ளத் துணிய ஒரு நாளைக்கு எத்தன தடவதான் அலசுவாக? மேல என்ன வைகை டேமா கட்டி வச்சிருக்கேன்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அந்தப் பெண் கண்கலங்கி வந்து, "மாசம் முடியவும் காலி பண்ணிக்கிறோம்மா" என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மாடியில் ஆளே இல்லை. அன்றைக்கும் தொட்டி காலி!

எங்கள் வீட்டுக் குழாய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. என் கணவருக்கு முட்டிவலி என்று புதிதாக வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்திருந்தோம். அதன் ஃப்ளஷ் தொட்டி மூடியைத் திறந்து ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கிவிட்டுக் காத்திருந்தேன். அமுக்காமலே கோப்பைக்குள் மஞ்சள் தண்ணீர் இறங்கியது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஓடியிருக்கிறது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"கமுக்கமா சரி பண்ணிருவோம். இதப் போயி மேல சொல்லிக்கிட்டுத் திரியாத."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை நான் மீறியதில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்ததும் மாடியில் பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

"தண்ணி எங்க கக்கூசுலதான் போயிருக்கு தாயி. தப்பு எங்க மேலதான். போகாதீக."

அந்தத் தம்பி கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒரு மாசமா அரை வாளியில குளிச்சேனே, அதுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"நாந்தேன்." பின்னால் படிக்கட்டில் என் கணவர் நின்றார். "இன்னைக்கு ரெண்டு வாளி ஊத்திக் குளிங்க தம்பி."

அவர்கள் இன்னும் மாடியில்தான் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிடவே கூச்சப்படுவேன். யாருக்கும் தெரியாமலே போயிருக்கக்கூடிய எங்கள் தப்பை நானே படியேறிப் போய்ச் சொன்னேன் என்று நினைக்கும்போது, இந்த வயதில் எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வருகிறது.