பிளாஸ்டிக் கவர் சுற்றிய கால்

கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய் இடுப்புக்குள் பரவிய பிறகு அம்மாவின் வலது கால் வீங்க ஆரம்பித்தது. நிணநீர் மேலே ஏற வழியில்லாமல் காலிலேயே தேங்குகிறது என்றார் டாக்டர். நோயைக் குணப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டதாம், இனி காலைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். அது எவ்வளவு பெரிய வேலை என்று அவர் சொல்லவில்லை.

தோல் பளபளவென்று இழுபட்டு, கெண்டைக்காலில் நீர் கசிந்தபடியே இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை விரிப்பை மாற்றினேன். பெருங்களத்தூர் ஃப்ளாட்டின் பால்கனிக் கொடியில் வேறு துணி காய இடமில்லை. பார்க்க வந்தவர்களோ ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அத்தை உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர், "யானைக்கால்தானே?" என்றார். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து தாம்பரத்தில் பெரியம்மா பேத்திக்கு வளைகாப்பு. வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. போய், நான்கு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து புடவையை விலக்கினால், முழங்கால்வரை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர், மேலே ரப்பர் பேண்டு. உள்ளே தோல் ஊறி வெளுத்திருந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"சேர் நனைஞ்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

கத்திவிட்டேன். மறுநாள் கால் சிவந்து கொதித்தது. குளிர் ஜுரம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டுக்கே வரும் நர்ஸ் ஒருவரை அனுப்பினார். அனகாபுத்தூர்க்காரர். நடந்ததைக் கேட்டதும் அவர், "இன்னாம்மா, காலுக்கு ரெயின்கோட்டு மாட்டிகினு போனீங்களா?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாக்கா, கொயந்தய திட்ற மாரி திட்டிகினு கீற? பொடவ நனையாம போறதுக்கு அவங்களுக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்தியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றி, கிரீம் தடவி, கசியும் இடத்தில் தடித்த பஞ்சுப் பட்டை வைத்து, விரலிலிருந்து மேல்நோக்கிக் கட்டிக் காட்டினார். இறுக்கக் கூடாது என்றார்.

ஜுரம் சில நாளில் விட்டது. கசிவும் மெல்லக் குறைந்தது. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் நான் கட்டி முடித்ததும், "கோணலா இருக்கு, அவுத்துக் கட்டு" என்பாள் அம்மா. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்ப்பேன்.

அவள் போவதற்கு முந்தைய வாரம், கட்டி முடித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. நானே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.